அடிவாரத்து வேங்கை

மலைமேல் இருந்த மடத்தில் குயிலி அம்மையாரிடம் தணிகாசலம் சீடராக இருந்தார். அம்மையாரைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு மேலே இருந்த சோலைக்காட்டில் நெடுங்காலம் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்தக் காடு இப்போது இல்லை. மழை பொய்த்து மரங்கள் வாடின. கோடையில் தீ பிடித்தது. மிஞ்சியதைப் புயல் சாய்த்தது. பழைய காட்டில் நின்ற நாவல் மரங்களின் கன்றுகளாகவே தணிகாசலம் நட்டார். அத்தனையும் கருகின. அதுவரை அடிவாரத்தில் மட்டுமே வளர்ந்த வேங்கை மரத்தின் கன்றுகள், யாரும் நடாமலே மேலே முளைத்தன. அவற்றைப் பார்த்த இடத்திலெல்லாம் பிடுங்கி எறிந்தார்.

ஒரு நாள் அம்மையாரிடம் கேட்டார். "காட்டைக் கொன்றது நெருப்பா, காற்றா அம்மா?"

"முன்பு நெருப்பு வந்ததில்லையா?"

"வந்திருக்கிறது. ஓரத்தில் எரிந்துவிட்டு அணைந்துவிடும். உள்ளே எப்போதும் ஈரம்."

"காற்று?"

"அதுவும் வரும். வேர் தாங்கிக்கொள்ளும். இந்தமுறை வேரே வெந்து கிடந்தது."

"அப்படியென்றால் எது கொன்றது?"

தணிகாசலம் மேலே கரிந்து கிடந்த சரிவை ஏறிட்டுப் பார்த்தார்.

"மடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது" என்றார் அம்மையார். "சுனைக்குக் கூட்டிப் போங்கள்."

தணிகாசலம் முன்னால் நடந்தார். அடையாளம் வைத்திருந்த மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. சுற்றிச் சுற்றிக் கரிந்த அதே அடிமரத்துக்கே வந்து சேர்ந்தார். உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வழி தெரியவில்லை அம்மா."

"சரி. இங்கே எங்காவது ஈரம் இருக்கிறதா, பாருங்கள்."

மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கும் சுட்டது. ஒரு பள்ளத்தில் மட்டும் குளிர்ந்தது. அவர் கண்ணில் படாமல் தப்பிய வேங்கைக் கன்றுகள் அங்கே நெருக்கமாக நின்றன. அடியில் சருகை விலக்கித் தோண்டினார். கலங்கலாக நீர் ஊறியது.

பழக்கத்தில் அவர் கை ஒரு கன்றைப் பற்றியது. அப்படியே நின்றது.

"இது இந்த மலையின் மரமில்லை. இதை விட்டால் பழைய காடு வராது."

"பிடுங்கினால் வருமா?"

"தெரியவில்லை. விட்டால், இதுவாவது காடாகுமா அம்மா?"

"எனக்குத் தெரியாது. இத்தனை நாள் பிடுங்கும்போது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"

தணிகாசலம் கன்றிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, அதைப் பிடுங்கவும் இல்லை.