போதும் என்று மறித்த கை

ஈரோட்டில் குழந்தைத் துணிக்கடை முதலாளி தணிகாசலம். வாடிக்கையாளர்களுக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்புகிறவள் செங்கமலம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், பாவம், “இனி எனக்கு அனுப்பாதீங்க” என்று எழுதியிருந்தாள்.

“அவளே கேட்டு நம்ம பட்டியல்ல சேர்ந்தவதானே? சட்டப்படி தப்பில்ல, அனுப்பு!” என்றார் முதலாளி.

அன்று கடையில் ஆயுத பூஜை விருந்து. முதலாளி கேட்டதும் செங்கமலம் பாயசம் ஊற்றினாள். அடுத்த கரண்டிக்கு அவர் இலையைக் கையால் மறித்தார். கைமேலேயே ஊற்றினாள்.

“போதும்னு மறிக்கிறேன், கண்ணு தெரியலையா?”

“நீங்க கேட்டுத்தானுங்களே வாங்கினீங்க? கேட்டவங்களே போதும்னா நிறுத்தணும்னுதானுங்க சட்டமும் சொல்லுது. அந்தத் தாயும் இப்படிக் கைய வெச்சுத்தானுங்க மறிக்கிறா.”

பந்தியே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவினார்.

“போய்ப் பட்டியல்ல இருந்து அந்தப் பேரை எடுத்துட்டு வா அம்மிணி. உனக்கு நான் பரிமாறுறேன்.”