பசிக்கு எடுத்த வாக்கு

ஊராட்சித் தலைவர் மாசானம் ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. காலையிலிருந்து அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஊரில் அவ்வளவு ரகளை.

கோயில் தோப்பை ஒட்டிய பாதையை அடைக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் ஆகியிருந்தது. பள்ளிவாசல்காரர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து அடக்கத்துக்குத் தூக்கிப்போகிற பாதை அது. விடிந்ததும் மாசானம் உத்தரவு போட வேண்டும். இரும்புக் கதவு பூட்டத் தயாராக நின்றது.

நெடுநாள் சீடர் என்ற உரிமையில் அவர் குருவின் அருகே போய் உட்கார்ந்தார்.

"சாமி, எனக்கு என்னவோ இது நியாயமாத் தெரியலை. ஆனா ஊரே கை தூக்கிருச்சு. ஜனநாயகத்துல அதுக்கு மேல என்ன இருக்கு?"

"எல்லாருமா தூக்கினாங்க?"

"பள்ளிவாசல்காரங்க தூக்கலை. அவங்க கொஞ்சப் பேர்தானே."

"சாப்பிட்டியா?"

"எங்க சாமி சாப்பிட?"

குரு தாழ்வாரத்தில் சாய்ந்திருந்த சீடர்களைக் கூப்பிட்டார்.

"மாசானத்துக்காக மறுபடி உலை வைக்கணுமா? வேண்டாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

உண்ட மயக்கம். யாருக்கும் அடுப்புப் பக்கம் போக மனமில்லை. ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. அதைப் பார்த்து மற்றவையும் எழுந்தன. கடைசியில் குருவும் தூக்கினார்.

மாசானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்களுமா சாமி?"

"எனக்கும் வயிறு நிறைஞ்சிருக்கே."

"நல்ல கூத்து! பசிக்கிறது எனக்கு, கை தூக்குறது இவங்களா?"

"அதான் எண்ணியாச்சே," என்றார் குரு.

மாசானத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

குரு எழுந்து போய் அடுப்பை மூட்டினார். திருவடி என்ற சீடனுக்குக் குறும்பு அதிகம்.

"சாமி, சபை முடிவு பண்ணிருச்சு. மீறப்படாது!"

"மீறத்தான் போறேன். நாளைக்கு எல்லாரும் கூடி என்னை மடத்தைவிட்டுத் துரத்துங்க."

சோறு வெந்தது. குருவே இலை போட்டுப் பரிமாறினார். மாசானம் கை வைக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதையைத் திறந்து விட்டேன்னா நாற்காலி போயிரும், சாமி."

"போகும்," என்றார் குரு. "சாப்பிடு. சோறு ஆறுது."