உக்கடத்தில் வாங்கிய கடல்

டக்.

அவ்வளவுதான் அந்தச் சத்தம். வருடங்கள் பல ஆகிவிட்டன. இன்னும் காதில் இருக்கிறது. விரலைச் சொடுக்கினால் வருமே, அதே சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு டக். கோயம்புத்தூர் கணபதியில் நான் குடியிருந்த அடுக்குமாடியில், முதல் மாடியில், என் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே கூரையிலிருந்து அது வந்தது.

என் கணவர் பேப்பரைப் படித்து மடித்து வைத்துவிட்டு ஒவ்வொரு விரலாகச் சொடுக்குவார். நிறுத்தச் சொல்லிக் கல்யாணமான வாரத்திலிருந்தே சண்டை போட்டேன். கடைசியில் ஒரு நாள் அவரோடு சேர்ந்து அதுவும் நின்றது. வெகுநாள் கழித்து, இரண்டாம் மாடியில் சென்னியப்பன் கடல் வைத்தார். சத்தம் திரும்பி வந்தது.

கடல் என்பது அவர் வார்த்தை. உண்மையில் அது ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், கொஞ்சம் கடல் பாறை, அதன்மேல் பவளம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு மீன்கள். எல்லாமே உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பொறுக்கியது. சென்னியப்பன் தண்ணீர் மோட்டார் வியாபாரி. அதற்குமுன் ஒரு நெத்திலியைக்கூட உயிரோடு பார்த்திராதவர்.

சத்தத்தோடு ஒரு சொட்டும் வந்தது. சொட்டுக்கு அடியில் இட்லிக் குண்டானை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தொட்டி போகும்; தொட்டி போனால் சத்தமும் போகும். கறிவேப்பிலை வாங்க வந்த மூன்றாம் மாடி ஜெசிந்தா மட்டும் குண்டானைப் பார்த்துவிட்டாள். வங்கியில் வேலை செய்பவள், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "எங்க ஊர்க் கடல் மாதிரில்லா கரிக்கி!" என்றாள். நான் கறிவேப்பிலையைக் கொஞ்சம் அதிகமாகவே ஒடித்துக் கொடுத்தேன்.

ஆனால் வெளிச்சுவரில் ஈரம் படர்ந்ததைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜுலு பார்த்துவிட்டார். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் கூட்டினார். ஆளுக்கு ஒரு போண்டா. ஒரே விஷயம்: தொட்டி ஒழுகினால் அந்த வாரமே அதைக் காலி செய்துவிட வேண்டும்.

"சுருக்கமா சொல்லுங்க சென்னியப்பன். தொட்டி ஒழுகுதா, இல்லையா?"

"அதச் சொல்லோணும்னா மொதல்ல இருந்து சொல்லோணுமுங்க சார்."

"வேண்டாம்" என்றார் செயலாளர். அதற்குள் சென்னியப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

"தொட்டி ஒரு பழைய ஓட்டல்ல கெடந்ததுங்க. கண்ணாடி அத்தன கனம். இந்தப் பக்கம் நிக்கறவங்க அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கு நாளைக்குத்தானுங்க தெரிவாங்க. எம்பட சம்சாரம் இன்னிக்கு அந்தப் பக்கம் நின்னு திட்டுனா, அவ வாய் அசையறது எனக்கு அடுத்த நாள் காலையிலதான் தெரியும்."

"திட்டுனது அப்பவே கேட்டிருக்குமே" என்றாள் அவர் மனைவி பூங்கொடி.

"கேட்டுதுங்க. யாரத் திட்டறேன்னுதான் தெரியல." அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "தொட்டி வந்தாச்சு, தண்ணி வேணுமில்லீங்களா? பொட்டலத்து உப்பக் கரைச்சு ஊத்தறது சோம்பேறிங்க வேலைங்க. நான் ஒரு பழைய பால் டேங்கர எடுத்துக்கிட்டு ராமேஸ்வரம் போனேன். ரொப்பிக்கிட்டு வந்தா, ஒட்டன்சத்திரத்துக்கிட்ட ரயில்வே கேட்டச் சாத்தியிருக்குது. பிரேக் அடிச்சேன். லாரி நின்னுருச்சு. உள்ள இருந்த கடல் நிக்கலீங்க! லாரியத் தூக்கிக்கிட்டு கேட்டுக்கு மேல போயி, அந்தப் பக்கம் பூ மாதிரி எறக்கி வெச்சுது. கேட் கீப்பரு பச்சைக் கொடி காட்டிட்டாரு."

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். "அண்ணாச்சி, நான் பொறந்ததே தூத்துக்குடியில. கடலப் பத்தி எங்கிட்டயே அளக்கியளா?"

"அத அளக்க முடியுமுங்களா அம்மிணி? அலையைக் கேளுங்க. அலை இல்லீன்னா பவளத்துக்கு மூச்சு முட்டும். கடையில விக்கற அலை மோட்டாரு கொசு மாதிரி இருக்குது. எங்க மாமன் தோட்டத்துக் கெணத்துல இருந்து கழட்டுன பழைய மோட்டார உள்ள எறக்கிவுட்டேன். சுச்சப் போட்டதும் கெளம்புச்சு பாருங்க! ஹால்ல இருந்து சமையல்கட்டு வரைக்கும் போயி, தோசைக்கல்லத் தொட்டுட்டுத் திரும்பி வரும். பவுர்ணமியன்னிக்கு சோபா பூஜை ரூம்புல போயி ஒதுங்கிக் கெடக்கும். சாயங்காலமானா ஒரு ஆளு காலிங் பெல் அடிச்சு, தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் வேணுமான்னு கேப்பாரு."

"எந்த ஆளு? கேட்டுல யாரு உள்ள விட்டது?" என்றார் செயலாளர்.

"அவரு கேட்டு வழியா வரலீங்க சார். கரையோரமாவே நடந்து வந்துட்டாரு."

போண்டா தின்ற ஒருவருக்குப் புரை ஏறியது. சென்னியப்பன் நிறுத்தவில்லை. கச்சேரி மேடையில் தொங்கிய பழைய போகஸ் லைட்டைத் தொட்டிக்கு மேல் மாட்டினாராம். பவளம் காலையில் சுண்டுவிரல் அளவு இருந்ததாம். மத்தியானம் முருங்கை மரம் ஆகிவிட்டதாம்.

"பூங்கொடி கொடி கட்டி அதுல துணியே காயப்போட்டா."

"தண்ணிக்குள்ளயா?"

"அதனாலதானுங்க காயவே இல்ல."

"சரி, உக்காருங்க" என்றார் செயலாளர்.

"லைட்டு சூட்டுல தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுதுங்களே, அதக் கேக்க வேண்டாமா? ஐஸ் கம்பெனியில கழிச்சுவுட்ட கூலிங் மிசினக் கொண்டாந்து மாட்டுனேன். அதுல நிறுத்தற திருகு தேஞ்சு போச்சுங்க. ராவெல்லாம் ஓடிருச்சு. காத்தால பார்த்தா ரெண்டு மீனும் இருமுது."

"மீனு இருமுதா?" என்றார் செயலாளர். கேட்டுவிட்டதற்காக அவரே தலையில் தட்டிக்கொண்டார்.

"வறட்டு இருமலுங்க. திருப்பூருக்குப் போன் பண்ணி, எக்ஸ்போர்ட்ல ரிஜெக்ட் ஆன பனியன் ரெண்டு, பொறந்த கொழந்த சைசுல அனுப்பச் சொன்னேன். வெள்ளையா அனுப்பிட்டாங்க. ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க. கோடு போட்டது வந்தப்பறந்தான் கைய நீட்டுச்சுங்க."

"கைய?" என்றாள் ஜெசிந்தா.

"செட்டைய."

செயலாளர் மேசையைத் தட்டினார். "அந்த டக்கு டக்குங்கற சத்தம் என்ன? மூணாவது மாடி வரைக்கும் கேக்குதாம். மோட்டார் கெட்டுப் போச்சா?"

சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "அது எறாலுங்க சார். பழைய பாறை வாங்கினேனில்லீங்களா, அதோட பொந்துக்குள்ள குடியிருந்திருக்குது. வாங்கறப்ப எனக்கே தெரியாது. ஒரு கொடுக்கு மட்டும் பெருசு. அதப் பட்டுனு மூடுனா தண்ணியில குமிழி கெளம்பி வெடிக்குதுங்க. அந்த அதிர்ச்சியில சின்ன மீனெல்லாம் மயங்கியே வுழுந்துரும்."

கூட்டம் வெடித்தது. சுண்டல்காரருக்கும் பனியனுக்கும்கூட அப்படிச் சிரிக்கவில்லை. "எறா துப்பாக்கி சுடுதாம்! எங்க ஊர்ல எறா சட்டியில வறுபடும்போதுதான் சத்தம் போடும் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சாமி சத்தியமுங்க" என்றார் சென்னியப்பன். இன்னும் சிரித்தார்கள்.

நான் அந்த இறாலைப் பற்றிப் படித்திருந்தேன். அன்று சாயங்காலம் அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

"கடைசியாக் கேக்கறேன்" என்றார் செயலாளர். "ஒழுகுதா?"

"ஒழுகலீங்க சார். உள்வாங்குது. கடல்னா உள்வாங்கத்தானுங்க செய்யும்? உள்வாங்குன தண்ணி எங்கயாச்சும் போயி நிக்கோணுமில்லீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெளையாட்டு போதும்" என்றார் செயலாளர். "கீழ் வீடு டீச்சரம்மாவோடது. அவங்க சொல்லட்டும். ஒழுகுதுன்னு சொன்னாங்கன்னா நாளைக்கே தொட்டி வெளிய."

சென்னியப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார். அத்தனை பெரிய கடலை வைத்திருந்த மனிதர் திடீரென்று சின்னதாகத் தெரிந்தார். மேலே, என் மேசையில், குண்டான் பாதி நிறைந்திருந்தது.

"ஒழுகலைங்க" என்றேன். "பால்கனியில இருக்கற துளசிக்கு நான்தான் தண்ணி அதிகமா ஊத்திடறேன். சுவத்து ஈரம் அதுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கேள்வியும் வரவில்லை. பெண்கள் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வரலாறு சொல்பவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

"டீச்சரம்மாவே சொன்னதுக்கப்புறம் என்ன இருக்கு? அடுத்தது லிப்ட் விஷயம்" என்றார் செயலாளர்.

சென்னியப்பன் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டேங்கர் இல்லை, மோட்டார் இல்லை, சுண்டல் இல்லை; ஒரே ஒரு துளசிச் செடி. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு.

கூட்டம் முடிந்து படியேறும்போது ஜெசிந்தா பின்னால் வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"துளசிக்குக் கடல் தண்ணியா ஊத்துதீய?"

பதிலுக்கு நிற்காமல் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் பழைய குழாய் இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதியதாக ஒன்றைப் போட்டார். அந்தத் தொட்டியில் புதியதாக வாங்கிய பொருள் அது ஒன்றுதான். சொட்டு நின்றது. சத்தம் நிற்கவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாயங்காலங்களில் பேப்பரை விரித்துக்கொண்டு அந்த மேசையில் உட்காருவேன். ஒருமுறை ஏதோ நினைப்பில், "போதும், நிறுத்துங்களேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு டக். என் கணவரும் சொன்னதைக் கேட்டதில்லை.

ஐப்பசி மழையின்போது சத்தம் வரவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்னியப்பன் இறங்கி வந்து வாசலில் நின்றார். திமிங்கிலம் ஒன்று தொட்டிக்குள் புகுந்தது, இறால் அதோடு விடிய விடியச் சண்டை போட்டது என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அன்று அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இறால் செத்துப் போயிருந்தது.