பச்சைப் பெட்டி

ஜெசிந்தா டீச்சரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொண்டவர்களில் ஆவுடையப்பன்தான் வயதில் மூத்தவர். டீச்சருக்கு முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, டிக்கெட் பையை இறக்கிய தோளில் கேமராவை மாட்டிக்கொண்டவர். தென்காசியில் இருந்த டீச்சரின் ஸ்டுடியோவுக்குள் செருப்புக் காலோடு போகமாட்டார். "உக்காருங்க அண்ணாச்சி" என்று டீச்சர் சொன்ன பிறகுதான் உட்காருவார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் நோட்டும் கையுமாக வந்து நின்றார்.

"டீச்சர், நான் கம்பெனி மாறப் போறேன்."

"எந்தக் கம்பெனி?"

"கேமரா கம்பெனிதான். இந்த லென்ஸ் எதுவும் வேற கம்பெனி கேமராவுல மாட்டாது. அதனால பாடி, லென்ஸ் அஞ்சு, எல்லாத்தையும் வித்துத் தள்ளிட்டு மொத்தமாப் போயிருதேன். எதுக்குப் போகலாம்னு நீங்கதான் சொல்லணும்."

நோட்டை விரித்தார். பன்னிரண்டு நாளாக வீடியோ வீடியோவாகப் பார்த்து எழுதியது. எந்தக் கம்பெனியின் எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் படத்தின் ஓரம்வரை கூர்மை, எது ஓரத்தில் சொதப்பும், யாருடைய ஆட்டோஃபோகஸ் ஓடுகிற நாயை விடாமல் பிடிக்கும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் நாய் எதற்கு ஓடப்போகிறது என்று அவர் மனைவி கேட்டிருந்தாள். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். அதை அவர் நோட்டில் எழுதவில்லை.

டீச்சர் நோட்டைப் பார்க்கவில்லை. "இப்ப இருக்கிறது என்ன செஞ்சுச்சு?" என்றார்.

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து நீவினார். பிறகு சொன்னார்.

பக்கத்து வீட்டுக் கோமதிக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பிள்ளை, இவர் கண்முன்னால் வளர்ந்தவள். "மாமா, தாலி கட்டுற படம் ஒண்ணு மட்டும் நல்லா வந்துட்டாப் போதும்" என்று கேட்டிருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. இவர் அமுக்கினார். பத்தொன்பது படம் விழுந்தது. பத்தொன்பதிலும் பொண்ணும் மாப்பிள்ளையும் கலங்கல். மேடையில் பின்னால் நாற்காலியில் சந்தன மாலை போட்டு வைத்திருந்த அப்பாவின் போட்டோ மட்டும், மீசை முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

"போயும் போயும் போட்டோ மேல ஃபோகஸ் வச்சிருக்கு டீச்சர், சனியன். அந்தப் பிள்ளை தினம் கேக்கா. நான் இன்னைக்கு நாளைக்குன்னு சாக்குச் சொல்லுதேன். நாளைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளையோட ஓசூருக்குக் குடித்தனம் போறா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் காட்டுவேன்?"



டீச்சர் எழுந்தார். ஆறு வருடமாக வாங்க ஆள் வராமல் சுவரில் தொங்கிய ஒரு வாத்தியாரின் படத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். நாலடி முன்னால் வந்து நின்றார்.

"என்னை எடுங்க."

ஆவுடையப்பன் கேமராவைக் கண்ணில் வைத்தார். அந்தக் கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் முகத்தைக் கண்டால் ஒரு சின்னப் பச்சைப் பெட்டி வந்து கண்மேல் உட்காரும். உட்கார்ந்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். பெட்டி டீச்சரின் கண்மேல் உட்கார்ந்தது.

"இப்ப ஒழுங்கா இருக்கும். மண்டபத்துலதான் கழுத்தறுக்கும்."

டீச்சர் தலையைத் திருப்பி வாத்தியாரைப் பார்த்தார். பெட்டி ஒரு கணம் தவித்தது. பிறகு பின்னால் தாவி வாத்தியாரின் கண்மேல் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன்!"

டீச்சர் அலமாரியைத் திறந்து வேறொரு கேமராவை எடுத்து நீட்டினார். நோட்டில் முதல் இடம் பிடித்திருந்த கம்பெனியின் கேமரா. ஆவுடையப்பன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

டீச்சர் பழைய இடத்தில் நின்று மறுபடியும் தலையைத் திருப்பினார். இந்தப் பெட்டி தவிக்கவில்லை. திரும்பின மறுகணம் வாத்தியாரிடம் போய்விட்டது.

"எப்படி இருக்கு?"

"நல்ல வேகம் டீச்சர்."

"எங்க போச்சு?"

"வாத்தியார்கிட்ட."

"ஏன் போச்சு?"

"நீங்க அங்கிட்டுத் திரும்பிட்டீங்க. உங்க மொகம் கிடைக்கல. அதான் நேரா பாக்குற மொகத்துக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். தன் கேமராவை எடுத்துக் கல்யாணப் படங்களைத் தேடினார். இத்தனை நாளும் அவற்றைப் பெரிதாக்கி எது கூர்மை, எது கலங்கல் என்றுதான் பார்த்திருந்தார். இப்போது கலங்கலையே பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடுகிறான். கோமதி அவனைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த கூட்டத்தையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்னால் இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கப்பாவப் பாத்திருக்கா டீச்சர்."

"அப்ப நீங்க எதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"பெட்டிய," என்றார் ஆவுடையப்பன். "பச்சையா நின்னுச்சு. அமுக்கிட்டேன்."

டீச்சர் வாத்தியாரைத் தூக்கிச் சுவரில் மாட்டினார். "கொண்டுபோய்க் காட்டுங்க அண்ணாச்சி."

மறுநாள் மதியத்துக்கு மேல் ஆவுடையப்பன் வந்தார். தோளில் கேமரா, கையில் லட்டுப் பொட்டலம். டீச்சர் சொல்லும் முன்பே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்தே காட்டிட்டேன் டீச்சர். அந்தப் பிள்ளை ஒவ்வொரு படமாத் தள்ளித் தள்ளிப் பாத்தா. அப்புறம் ஒரே அழுகை. தாலி ஏறும்போது அப்பாவத்தான் பாத்தேன், அது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன், நீங்க ஒருத்தர் கவனிச்சுட்டீங்களே மாமான்னு கால்ல விழுந்துட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இரும்மான்னேன்."

"வேற?"

"வேற என்னத்தச் சொல்ல?" ஆவுடையப்பன் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். "கம்பெனி மாறுற யோசனைய விட்டுட்டேன் டீச்சர். இது ராசியான கேமரா."

"மாறணும்னா மாறிக்கோங்க. ஆனா இதை யாருக்கும் தள்ளிராதீங்க. கோமதிகிட்டக் குடுத்திருங்க."

"அவளுக்கு எதுக்கு?"

"அவ அப்பாவப் பாத்தத கவனிச்சது இந்தக் கேமராதானே. கும்பிட்டது இதுக்குப் போய்ச் சேரட்டும்."

ஆவுடையப்பன் பிரித்த பொட்டலத்தை மறுபடியும் மடித்தார். லட்டை யாரும் தொடவில்லை.

"கால்ல விழுந்தப்பவே கூசிருச்சு டீச்சர்," என்றார் கடைசியில். "ராத்திரி சோறு இறங்கல. ஆனா இப்பப் போய், நான் ஒண்ணும் பாக்கலம்மான்னு சொன்னா அந்தப் பிள்ளை மனசு என்ன ஆகும்?"

டீச்சர் சுவரைப் பார்த்தார். "கோமதிக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

"அஞ்சரைக்கு."

சுவர்க் கடிகாரத்தில் நாலரை ஆகியிருந்தது. ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்ப எழுந்தார். பழக்க தோஷம், கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

"அண்ணாச்சி."

திரும்பினார்.

"அதை இங்க வச்சுட்டுப் போங்க. இந்தத் தடவை நீங்க பாத்துட்டு வாங்க."