திருடன் நசுக்கிய எலுமிச்சம்பழம்

போர்ட்டிகோவில் கார் இல்லை. சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கிக் கிடந்தது. சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து நாச்சிமுத்து ஏற்றி நசுக்க வேண்டிய பழம். மத்தியானமே எவனோ ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். கண்ணாடி உடையவில்லை, கதவை நெம்பவில்லை. சாவி வீட்டுக்குள்தான் இருந்தது.

பெருந்துறைப் பக்கம், ஆயுத பூஜை அன்று நடந்தது இது. நாச்சிமுத்து தறிப்பட்டறை வைத்திருப்பவர். விருந்து சாப்பிட்டுவிட்டு வீடே தூங்கியிருந்தது. மனைவி கோகிலா போட்ட சத்தத்தில் அவர் வெறும் உடம்போடு ஓடி வந்தார். காலி இடத்தைப் பார்த்தார். உடனே திரும்பிக் கேட்டார்: "சாவியை டப்பாவுல இருந்து எடுத்தது யாரு?"

ஏன் இந்தக் கேள்வி என்றால், அது சாவியைக் குத்தித் திருப்புகிற கார் இல்லை. சாவி பக்கத்தில் இருந்தாலே கதவு திறக்கும். பட்டனை அமுக்கினால் ஓடும். கார் எடுத்த அன்றே ஷோரூம்காரர் நாச்சிமுத்து, கோகிலா, டிரைவர் மாரப்பன் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "கார் கூப்பிடும், சாவி பதில் சொல்லும். உங்க சுவருக்கு வெளியே ஒருத்தன் பையில கருவியோட நின்னான்னா, அந்தப் பேச்சைக் கார் வரைக்கும் கடத்திருவான். சாவி பக்கத்துலயே இருக்குதுன்னு கார் நம்பிரும். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு சாவியையும் மூடி இறுக்கமான தகர டப்பாவுல போட்டிருங்க. டப்பாவைக் கார்கிட்ட கொண்டு போயி, கதவு திறக்குதான்னு ஒருக்கா பாத்துக்கங்க."

மாரப்பன் பார்த்தார். முதலில் எடுத்த டப்பாவில் கதவு திறந்துகொண்டது. பழைய பிஸ்கட் டப்பாவில் திறக்கவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தன் கையிலிருக்கும் சாவியை அதில் போட்டு அமுத்தி மூடிவிட்டுத்தான் கிளம்புவார்.

"நல்லா மூடு மாரப்பா, நமுத்துப் போயிரப் போவுது" என்பார் நாச்சிமுத்து. தினமும் அதே ஜோக். தினமும் அவரே சிரிப்பார்.

பூஜையன்று காலையில் கோகிலா டப்பாவைத் திறந்தாள். சாவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, அரிவாள்மனை, கத்தரிக்கோல், தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவோடு பூஜை அறையில் வைத்தாள். அப்படி வைத்ததை மறுநாள் வரை அசைக்கக் கூடாது. அந்த அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது, பூனைகூட நுழைய முடியாது. காருக்கு மாலை கட்ட வந்த மாரப்பன் காலி டப்பாவைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, டப்பாவோடயே சாமிகிட்ட வெச்சிரலாமுங்களே?"

"டப்பாவுக்கா பொட்டு வெப்பாங்க? நீ சும்மா இருப்பா."

சும்மா இருந்துவிட்டார். மாலையைக் கட்டிவிட்டு, பழத்தை வைத்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எதிர்வீட்டுக் கேமராவில் இரண்டு பேர் தெரிந்தார்கள். முகம் தெரியவில்லை. ஒருத்தன் கார் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். இன்னொருத்தன் தோள்பையோடு முன்பக்கப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி நின்றான். வேறெங்கும் போகவில்லை. கதவு திறந்தது, இருவரும் ஏறினார்கள், அவ்வளவுதான்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது நாச்சிமுத்து படுக்கையறைக்குப் போய், ஜன்னல் ஓரத்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். சட்டைப் பையைத் தட்டினார். அவருடைய சாவி அதில் இருந்தது. எடுத்துக் கோகிலாவின் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"பாத்துக்க. என்ற சாவி என்ற பாக்கெட்டுலயே பத்திரமா இருக்குது. உன்ற பக்தியிலதான் கார் போச்சு."

ஸ்டேஷனில் மாரப்பன் பெயரைச் சொன்னார். டப்பா காலி என்பது வெளி ஆளில் அவனுக்கு மட்டும்தான் தெரியும், அவன்தான் துப்புக் கொடுத்திருப்பான் என்றார். மாரப்பனை உட்கார வைத்து விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். விட்டது போலீஸ் மட்டும்தான். திருட்டுக் கேஸில் பெயர் அடிபட்ட டிரைவரிடம் யார் சாவியைக் கொடுப்பார்கள்? நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தார். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

ஊரில் பாதிப் பேர் சாவியை எடுத்த கோகிலாவைத் திட்டுகிறார்கள். மீதிப் பேர், தெரிந்தும் சும்மா இருந்த மாரப்பனைத் திட்டுகிறார்கள். நாச்சிமுத்துவைப் பார்த்தால் மட்டும் "பாவம்ங்க" என்கிறார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது, எதையும் ஒளிக்கவில்லை. மேலே போய் இன்னொரு தடவை படித்தாலும் சரி. சொல்லுங்கள், அந்தக் காரைத் திருடன் கையில் கொடுத்தது யார்?

பதில்: நாச்சிமுத்து. பை வைத்திருந்தவன் நின்றது அவருடைய ஜன்னலில். வீட்டின் கடைசியில், பூஜை அறையில் இருந்த சாவி அவனுக்கு எட்டவே எட்டாது. சுவருக்கு இந்தப் பக்கம் ஆணியில் தொங்கிய சட்டைக்குள் இருந்ததே, அதுதான் காருக்குப் பதில் சொன்னது. கோகிலா செய்ததும் தப்புதான். சொன்னதை அழுத்திச் சொல்லாமல் மாரப்பன் விட்டதும் தப்புதான். ஆனால் அந்த இரண்டு தப்பாலும் கார் போகவில்லை. கேமராப் படத்தைத் திரும்பப் பார்த்து இதைக் கண்டுபிடித்தது கோகிலா. "ரெண்டையும் டப்பாவுல போடச் சொன்னாங்க. நீங்க ஒரு நாளும் போடல" என்றாள். "அது போவட்டும். ஸ்டேஷனுக்குப் போயி, மாரப்பன் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க." நாச்சிமுத்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.