ஆணி அடிக்க எல்லை தாண்டியவர்கள்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவர் ஒரு மினி லாரி டிரைவர். இதில் வருகிறவர்களின் சாமான்களை ஏற்றிப் போனவர் அவர்தான். டிரைவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நம்ப முடியாத இடங்களை வெட்டிவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வெட்டிப் பார்த்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. ஆகவே முழுசாகவே எழுதுகிறேன்.

கொளத்தூரில் ஒரு லைன் வீடு. ஒரே வாசல், வரிசையாக அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதில் ஓர் அறையில் தணிகாசலம் தன் மனைவி கோமளாவோடு இருந்தான். ஸ்வீட் கடைகளுக்கு அட்டைப் பெட்டி மடித்துக் கொடுப்பது அவன் தொழில். பக்கத்து அறையில் அதே தொழில் செய்யும் மூன்று பேர்: அருணகிரி, சிங்காரம், பொன்னுரங்கம். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், ஹவுஸ் ஓனரிடம் இன்னும் கேட்கவில்லை என்பார்கள். அருணகிரிதான் மூத்தவர். அவருக்கு யோசனை வரும். மற்றவர்களுக்கு வராது. அதனால் அவர் யோசனையில் என்ன தப்பு என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

அந்த ஹவுஸ் ஓனர் கண்டிப்பானவர். மீன் வறுக்கக் கூடாது. மாடிப்படியில் உட்காரக் கூடாது. விளக்கு வைத்த பிறகு சத்தமாகச் சிரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் தணிகாசலத்தின் குடும்பம் மாட்டிக்கொண்டது. அவன் கல்யாணத்துக்குக் கோமளாவின் அண்ணன் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கித் தந்திருந்தார். ஆணி இல்லாததால் அது அட்டைப் பெட்டியிலேயே, கட்டிலுக்கடியில் கிடந்து ஓடிக்கொண்டிருந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் குனிந்து, பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்து பார்த்து, மூடி, உள்ளே தள்ள வேண்டும். வருஷக்கணக்காகக் குனிந்த கோமளா ஒரு நாள் நிமிர்ந்தாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். எந்த வீட்டுச் செவுத்துல யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்க முடியுதோ, அந்த வீட்ல இருந்து கூப்புடு. வரேன். அதுவரைக்கும் கூப்புடாத."

"ஒரே ஒரு ஆணிக்காகவா கோமளா?"

"ஒரே ஒரு ஆணிதான்யா கேக்கறேன்!"

திருத்தணி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அந்த மாதமே ஓனர் வாடகையையும் ஏற்றினார். நால்வரும் டீக்கடையில் சோகமாக உட்கார்ந்திருந்தபோது டீ மாஸ்டர், "இங்க இன்னாத்துக்குப்பா கஷ்டப்படறீங்க? ஆந்திரா பக்கம் போயிடுங்க. அங்க எல்லாமே பாதி வெலை" என்றார். பெட்டி மடிக்க எந்த மாநிலமானால் என்ன? மினி லாரி பேசினார்கள். எல்லையைத் தாண்டி நாகுலப்பள்ளி என்ற ஊரில் போய் இறங்கினார்கள். அங்கே பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், மீதிப் பேருக்குப் புரியும்.

வீடு கிடைத்தது. கூடம், மூன்று அறை, சமையற்கட்டு, பின்னால் ஒரு கொய்யா மரம். வாடகை நிஜமாகவே பாதி. வீட்டுக்காரி சுப்பம்மா பக்கத்து வீட்டில் எருமை வளர்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் அன்றே கோமளாவுக்கு போன் செய்தான்.

"வெள்ளிக்கிழமை வரேன்," என்றாள். "ஆணி இருந்தா இருப்பேன். இல்லாட்டி அதே பஸ்ல திரும்பிடுவேன். அப்புறம் எனக்குப் புருஷன் இல்ல, உனக்குப் பொண்டாட்டி இல்ல."

தணிகாசலம் அன்றிலிருந்தே வெள்ளிக்கிழமைக்கு விரல் விட்டு நாள் எண்ண ஆரம்பித்தான்.

மறுநாள் நால்வரும் சந்தைக்குப் போனார்கள். கத்தரிக்காய்க்காரி கிலோ இருபது ரூபாய் என்றாள். பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தான்.

"அண்ணா, கொளத்தூர்ல இது அறுபது ரூபா. டீ மாஸ்டர் பாதி வெலைன்னு சொன்னார். பாதின்னா முப்பது. இந்தம்மா இருபது சொல்லுது."

"தப்பாச்சே," என்றார் அருணகிரி. "ஏம்மா, முப்பதுக்குக் குடுக்கறதுன்னா குடு. இல்லன்னா வேற கடை பாக்கறோம்."

"இருபதுதாங்க."

"முப்பது! அதுக்குக் கீழ ஒத்தப் பைசா கம்மியாத் தர மாட்டோம்!"

கடைசியில் முப்பதுக்குப் படிந்தது. "பேரம் பேசத் தெரியாதவன்தான் வெளியூர்ல ஏமாறுவான்," என்று சிங்காரம் பையை வாங்கிக்கொண்டான். அடுத்த சந்தைக்குள் இவர்களைப் பற்றி ஊரெல்லாம் தெரிந்திருந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

தண்ணீர் இன்னொரு தொல்லை. சமையற்கட்டுக் குழாயில் எப்போது திறந்தாலும் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. விடியற்காலையில் நால்வரும் குடத்தோடு எழுந்து, கூடத்திலிருந்து சமையற்கட்டு வரை வரிசையில் நின்றார்கள். முதல் நாளே சண்டை.

"ஏய், நான் செங்கல் வெச்சிட்டுத்தானே பல் தேய்க்கப் போனேன்?" என்றான் சிங்காரம்.

"செங்கல் தண்ணி குடிக்குமா? ஆளு நிக்கணும்!" என்றான் பொன்னுரங்கம்.

தணிகாசலம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "வரிசையே வேணாமே, தண்ணிதான் நாள் பூரா வருதே," என்றான்.

மூவரும் அவனைப் பார்த்தார்கள். "வரிசையில நிக்காதவனுக்கு இன்னைக்குத் தண்ணி கிடையாது," என்று அருணகிரி தீர்ப்புச் சொன்னார். அவன் கொய்யா மரத்தடியில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆனாலும் ஏதோ ஒன்று குறையாகவே இருந்தது. நால்வருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. என்ன செய்யக் கூடாது என்று யாரும் சொல்லாத வீட்டில் எப்படிப் புரண்டு படுப்பது? சுப்பம்மாவிடம் போனார்கள்.

"அம்மா, உங்க வீட்டுக்கு விதி என்னன்னு சொல்லலியே," என்றார் அருணகிரி.

"விதியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல நாயனா. உங்க வீடு மாதிரி வெச்சிக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவள் எருமைக்குப் புண்ணாக்கு கரைக்கப் போய்விட்டாள்.

அன்று மாலை கூடத்தில் ஆலோசனை.

"நம்ம வீடு மாதிரின்னா எப்படி?" என்றான் பொன்னுரங்கம். "நமக்குத்தான் வீடே இருந்ததில்லையே."

"வீடு இருக்கறவங்க இன்னா பண்றாங்கன்னு பாக்கணும்," என்றான் சிங்காரம். "நமக்குத் தெரிஞ்ச ஒரே வீட்டுக்காரர் கொளத்தூர் ஓனர். அவர் இன்னா பண்ணாரு?"

"வாடகைக்கு விட்டாரு."

"அப்ப நாமளும் வாடகைக்கு விடணும்."

"யாருக்கு?"

அருணகிரி தொண்டையைச் செருமினார். "இந்த ஊர்ல நமக்கு யாரைத் தெரியும்? நம்மளைத்தான் தெரியும். நல்ல ஆளுங்க. தகராறு பண்ண மாட்டாங்க. நமக்கே விடுவோம்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மூத்தவர் என்பதால் அருணகிரியே ஓனர் என்று முடிவாயிற்று. அவர் உடனே எழுந்து சட்டையைக் கழற்றி, துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றினார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "யாருப்பா அது, குழாயைச் சரியா மூடாம வந்தது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தான்டா வீடு மாதிரி இருக்கு," என்றான். அன்றிரவு நால்வரும் குறட்டை விட்டுத் தூங்கினார்கள்.

அருணகிரி நேர்மையான ஓனர். தனக்கென்று சலுகை வைத்துக்கொள்ளவில்லை. தானும் குடியிருக்கிறவர்தான் என்பதால் வலது பையிலிருந்து வாடகையை எடுத்து இடது பையில் போட்டார். போடும்போது, "அடுத்த தடவை லேட்டாச்சுன்னா பாரு," என்று தன்னையே எச்சரித்தார். சுப்பம்மாவுக்குத் தர வேண்டியதைத் தந்தார். மூன்றாம் நாள் வாடகையை ஏற்றினார்.

"எதுக்குணா?" என்றான் பொன்னுரங்கம்.

"ஏத்தலன்னா என்னை மதிப்பியா?"

பொன்னுரங்கம் நெஞ்சைத் தொட்டு யோசித்தான். மதிக்க மாட்டான்தான். கொடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலி முன்னால் போய் நின்றான். "ஓனர் சார், ஒரே ஒரு ஆணி. கோமளா நாளைக்கு வரா."

"உன் கஷ்டம் எனக்குத் தெரியாதாப்பா? உன் கல்யாணத்துல பந்தியில பரிமாறினவன் நான். ஆனா இன்னைக்கு உனக்கு விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனா வந்து கேப்பான்."

"யாரு கேப்பாங்க?"

"நானே கேப்பேன்!" என்றார் அருணகிரி. "எனக்கும் சட்டை மாட்ட ஆணி இல்ல. எவ்ளோ நாளா அடக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தணிகாசலம் அழாத குறையாகச் சுப்பம்மாவிடம் ஓடினான். அவள் பால் கறந்துகொண்டே கேட்டாள். "ஒரு ஆணிக்கா இவ்வளவு அழுகை? ஒண்ணு என்ன, நூறு அடிச்சிக்கோ நாயனா!"

தணிகாசலத்துக்கு ஒன்றுதான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு உடையவள் நூறு என்கிறாள். பெரிய மனுஷி வாயால் சொன்னதைக் குறைப்பது மரியாதையா? இரும்புக் கடைக்குப் போனான், வாங்கினான், கூடத்துச் சுவரில் அடிக்க ஆரம்பித்தான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓனர் திரும்பினால் கண்ணில் படக் கூடாதே என்று பயந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், படுத்துக்கொண்டே, வரிசையாக அடித்தான். சத்தம் ஓய்வதாக இல்லை என்றதும் அருணகிரி எழுந்து உள்ளே வந்தார். பின்னாலேயே கடிகாரப் பெட்டியோடு கோமளாவும் வந்து நின்றாள். கடைசி ஆணி அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது?"

"ஆணி கோமளா. உனக்காகத்தான்."

"ஒரு சாண் ஒசரத்துல கடிகாரம் மாட்டினா, மணி பாக்க நான் படுத்துக்கணுமா?"

"கட்டிலுக்கடியில இருந்ததுக்கு இது ஒசரம்தானே?" என்றான் அவன் பணிவாக.

அதற்குள் அருணகிரி சாவிக்கொத்தைக் குலுக்கினார். "ஏம்மா, யாரும்மா நீ? இது பேச்சிலர்ஸுக்கு மட்டும். ஃபேமிலிக்கு விடறதில்ல."

"நீ யாருய்யா?"

"ஹவுஸ் ஓனர்."

"போன மாசம் எங்கிட்ட ரசம் வாங்கிக் குடிச்சவன்தானே நீ?"

"அது வேற மாநிலம்மா," என்றார் அருணகிரி. பிறகு சுவரைப் பார்த்தார். குனிந்து ஒவ்வோர் ஆணியாகத் தொட்டுப் பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் ஓனர் முகமாகவே இருந்தது. ஆணிக்கு இவ்வளவு என்று போட்டு, எல்லோருடைய வாடகையையும், தன்னுடையதையும் சேர்த்து, அங்கேயே ஏற்றினார்.

கோமளா தொகையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நல்லாருக்குய்யா! இந்த வாடகைக்குக் கொளத்தூரே மலிவு. பேசாம மூட்டையக் கட்டுங்க!"

கேலியாகத்தான் சொன்னாள். மூவரும் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாம எதுக்கு இங்க வந்தோம்?" என்றான் சிங்காரம்.

"வாடகை கம்மின்னு," என்றான் பொன்னுரங்கம்.

"இப்ப எங்க கம்மி?"

"கொளத்தூர்ல."

அருணகிரி பெருமூச்சு விட்டார். "இந்த வீட்டு ஓனர் ரொம்ப அநியாயம் பண்றான்டா. இவன் கிட்ட இனிமே குடியிருக்க முடியாது. தங்கச்சி சொன்ன மாதிரி மலிவான மாநிலமாப் பாத்துப் போயிடுவோம்."

மினி லாரி மறுபடி வந்தது. மூவரும் ஏறினார்கள். பழக்கதோஷத்தில் தணிகாசலமும் தன் பாயைச் சுருட்டிக் கையில் எடுத்தான்.

கோமளா வாசலை மறித்து நின்றாள். "நீ எங்க?"

"எல்லாரும் போறாங்களே கோமளா."

"நீ ஏறினா அதே வண்டியில நானும் ஏறுவேன். ஆனா திருத்தணியில எறங்கிடுவேன். சொல்லு, உனக்கு நான் வேணுமா, அந்தச் சாவிக்கொத்து வேணுமா?"

தணிகாசலம் வண்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். டிரைவர் ஒரு பீடி பிடித்து முடிக்கும் வரை யோசித்தான் என்று கேள்வி. பிறகு பாயைக் கீழே வைத்தான். வண்டிக்குள்ளிருந்து அருணகிரி, "இருக்கறதுன்னா இரு. ஆனா காலி பண்ணாம இருக்கறதுக்கும் முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கணும்பா," என்றார். வண்டி கிளம்பியது.

இவ்வளவும் டிரைவர் சொன்னது. கேட்டதை அப்படியே எழுதுவது சரியில்லை என்று தோன்றியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகுலப்பள்ளிக்கே போனேன். கோமளா காபி கொடுத்தாள். நான் கூடத்தில் குப்புறப் படுத்து எண்ணினேன். ஒரு சாண் உயரத்தில் நூறு ஆணி இருந்தது. மேலே, நின்றபடி பார்க்கிற உயரத்தில், இன்னோர் ஆணி. அதில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அது யார் அடிச்சது?" என்றேன்.

"கோமளாதான், குழவிக்கல்லால," என்றான் தணிகாசலம். அவள் சமையற்கட்டுக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினான். "அவ யாரையும் கேக்கல சார். சுப்பம்மா நூறுதானே சொன்னாங்க? அதனால நான்தான் இதுக்கும் சேர்த்து அவங்களைக் கேட்டேன். 'இனிமே ஆணிக்காக என்னைக் கேக்காதே'ன்னுட்டாங்க. அதான் அருணகிரி அண்ணனுக்கு போன் போட்டேன். அவர், 'நான் இப்ப வெறும் குடித்தனக்காரன்பா, எங்க ஓனரைக் கேட்டுச் சொல்றேன்'னார்."

திரும்பி வந்ததும் கொளத்தூருக்குப் போய் அதையும் விசாரித்தேன். உண்மைதான். அனுமதி கிடைத்துவிட்டது. நாகுலப்பள்ளியில் இருக்கும் அந்த ஓர் ஆணிக்காகக் கொளத்தூரில் அருணகிரியின் வாடகை ஏறியிருக்கிறது. அவர் மறுபேச்சில்லாமல் கட்டி வருகிறார்.