அடி தெரியாத சட்டி

ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் செங்கோடன் பாறைக் கரட்டில் ஏறி வந்து, இருபத்தோரு வடையை வாழையிலையில் வைத்துவிட்டுப் போவான். குன்றின் உச்சியில் தனியாகத் தவமிருக்கும் சாமியம்மா ஒருநாளும் அதில் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. "இருக்கட்டும்" என்பாள். அவ்வளவுதான்.

செங்கோடனுக்கு வயது அறுபத்தொன்று. சாமியம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் அவன்தான் சீடன். வாசல் கூட்டுவான், குடத்தில் தண்ணீர் நிரப்புவான், அவள் பேசினால் கேட்பான். அவள் பேசுவது குறைவு.

கரட்டின் அடியில், லாரிகள் நிற்கும் வளைவில் அவன் கடை. பதினேழு வருடத்துக்கு முன் கடை திறந்த அன்று, அவன் மனைவி ரத்தினம் பெரிய இரும்புச் சட்டியில் கடலையெண்ணெயைத் தன் கையால் ஊற்றினாள். முதல் வடையைப் பிட்டு வாயில் போட்டு, "உப்பு ஒரு கல்லு பத்தலை" என்றாள். அதன்பிறகு தினமும் காலையில் முதல் வடை அவளுக்குத்தான். தினமும் அதையேதான் சொல்வாள். உப்பைக் கூட்டிப் போட்டாலும் அதையேதான் சொல்வாள்.

அந்தச் சட்டியின் அடி தெரிய விடக்கூடாது என்று செங்கோடனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். அடி தெரிந்தால் வியாபாரம் போய்விடுமாம். அதனால் காலையில் கண் கரண்டியால் தூளை அரித்து எடுத்துவிட்டு, குறைந்த அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுவார்கள். கடலையெண்ணெய் போய்ப் பாமாயில் வந்தது. சட்டி மட்டும் ஒருநாளும் காலியாகவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் ரத்தினம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் செங்கோடன் யாரையும் சட்டியைத் தொட்டுக் கவிழ்க்க விட்டதில்லை. "அவ ஊத்துன எண்ணெய் இன்னும் இதுல இருக்குது" என்பான். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் வடையை வைத்துவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னங்கண்ணா?" என்றாள் சாமியம்மா.

"பூங்கோதைக்குத் திருநீறு வேணுமுங்க சாமி."

பூங்கோதை அவனுடைய ஒரே மகள். முப்பத்து மூன்று வயது. அம்மா போனதிலிருந்து கடையில் கல்லாவில் இருப்பவள் அவள்தான். வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லை. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. போன வாரம் மாடிப்படியில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். முகமெல்லாம் வேர்வை.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ரத்தக்குழாய் ரெண்டு சுருங்கியிருக்குதாம். மாத்திரை குடுத்திருக்கார். வெளிச் சாப்பாடு கூடாதுன்னார். இவ, 'வெளியில நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லைங்க டாக்டர், எங்க கடையிலதான் சாப்பிடறேன்'ங்கறா."

"வேற ஒண்ணும் கேட்கலையா?"

செங்கோடன் தரையைப் பார்த்தான்.

"எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒருதடவை மாத்துவீங்கன்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"தினமும் புது எண்ணெய் ஊத்தறோம்னு சொன்னேனுங்க."

சாமியம்மா இலையிலிருந்த வடைகளைப் பார்த்தாள். பிறகு, "திருநீறு தர்றேன். விளக்குப் போடணும். ஒரு சொம்பு எண்ணெய் கொண்டு வாங்க" என்றாள்.

மறுநாள் முற்பகலில் அவன் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு மேலே வந்தான். சாமியம்மா சொம்பைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"இது இல்லை. உங்க சட்டியில இருக்கறது."

"சாமி விளக்குக்கு அதை ஊத்தலாமுங்களா? பலகாரம் சுட்ட எண்ணெய்."

"ஊர் சனம் சாப்பிடறது சாமிக்கு ஆகாதுங்களா?"

அவன் இறங்கிப் போய், சட்டியிலிருந்தே ஒரு சொம்பு மொண்டு வந்தான். ஏறி வருவதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. எண்ணெய் கறுத்து, பழைய தேன் மாதிரி மெதுவாக அசைந்தது.

கரட்டின் உச்சியில் ஆள் குனிந்து நுழைகிற ஒரு பாறைக் குகை. சாமியம்மா உள்ளே அகல் வைத்து, அவன் கொண்டுவந்த எண்ணெயை ஊற்றித் திரியைக் கொளுத்தினாள். "உட்கார்ந்து கேளுங்க" என்றாள். வெளியே போய்த் தகரக் கதவைச் சாத்தினாள். வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே அந்த ஒரு சுடர்தான்.

சுடர் அசையவில்லை. புகை மேலே போகவில்லை. அகலின் விளிம்பில் வழிந்து தரையோடு தரையாகப் பரவி, அவன் கால் விரல்களைத் தொட்டது.

முதலில் வாசனை வந்தது. காலையில் போட்ட வடையின் வாசனை. பிறகு நேற்றைய மிளகாய் பஜ்ஜி. பிறகு கருவாடு. கடையில் கருவாடு பொரித்து எட்டு வருடமாகிறது. செங்கோடன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். வாசனை போகவில்லை.

அப்புறம் திரி பொரிய ஆரம்பித்தது. ஈரமான மாவு சட்டியில் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். அதற்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

"செங்கோடா, ரெண்டு பஜ்ஜி. சீக்கிரம் போடப்பா, லோடு நிக்குது."

லாரி ஓட்டும் கபூர் பாயின் குரல். மூன்று வருடத்துக்கு முன் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து போனவர்.

"சூடா இருக்குதா? நேத்து மாதிரி ஆறினதைக் கட்டிக் குடுத்துராதே" என்றது இன்னொரு குரல். பள்ளிக்கூடத்து வாத்தியார் பழனியப்பன். ரிட்டையர் ஆன மாசமே போய்விட்டார்.

"அண்ணா, ஒண்ணு சேர்த்துப் போடுங்க. பழகுன பழக்கத்துக்கு இதுகூடச் செய்ய மாட்டீங்களா?" என்று சிரித்தாள் லாரி எடைமேடையில் வேலை பார்த்த அருக்காணி. அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு இவன் கடையிலிருந்துதான் பலகாரம் போயிற்று.

யாரும் அவனைத் திட்டவில்லை. யாரும் அழவில்லை. கடைக்கு வந்து நின்றால் எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான் கேட்டார்கள். எல்லோருக்கும் பசி. எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். செங்கோடனுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

ஆனாலும் அவன் எழுந்து ஓடவில்லை. ரத்தினம் வருவாள் என்று காத்திருந்தான். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் வரவில்லை. கடைசியாக வந்தது வேறொரு குரல்.

"அப்பா, எனக்கு ரெண்டு எடுத்து வைங்க."

செங்கோடன் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். சாமியம்மா பாறை நிழலில் உட்கார்ந்து புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரத்தினம் பேசலைங்க சாமி."

"அவங்க அதுல இல்லைங்கண்ணா."

"அவ ஊத்துன எண்ணெய் அதுல இருக்குதுங்க."

"அவங்க ஊத்துனதை மொத மாசம் வந்தவங்களே தின்னு தீர்த்திருப்பாங்க."

அவன் கீழே கடை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப சட்டியில இருக்கறது?"

"தின்னவங்க விட்டுட்டுப் போனது."

காற்றே இல்லை. உள்ளே திரி பொரிகிற சத்தம் வெளியில்வரை கேட்டது.

"சாமி, பூங்கோதை குரலும் கேட்டுதுங்க. அவ உசுரோட இருக்கறவ. அவ குரல் அங்க எப்படிங்க வரும்?"

"மணி என்ன இருக்கும்?"

அவன் வெயிலைப் பார்த்தான். "பன்னெண்டரை இருக்குமுங்க."

"இந்நேரம் உங்க பொண்ணு என்ன பண்ணுவாங்க?"

செங்கோடன் செருப்பைக்கூடப் போடவில்லை. கரட்டில் சறுக்கியும் விழுந்தும் இறங்கினான்.

பூங்கோதை கல்லாவுக்குப் பின்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தயிர்ச்சோறு. ஓரத்தில் இரண்டு வடை. அவன் தட்டோடு பிடுங்கினான்.

"என்னங்கப்பா, ரெண்டே ரெண்டுதான? டாக்டர் வெளிச் சாப்பாடுதான வேண்டாம்னார்?"

அவன் பதில் சொல்லாமல் அடுப்பை அணைத்தான். சட்டி ஆறட்டும் என்று பக்கத்திலேயே நின்றான். யாரையும் கிட்டே விடவில்லை. ஆறியதும் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடி" என்றான்.

வடை போடும் மாரப்பன் நகரவில்லை. "அடி தெரியக்கூடாதுன்னு நீங்கதானுங்க மொதலாளி சொன்னீங்க?"

"தெரியட்டும். பிடிடா."

"அம்மா ஊத்துனதும் இதோட போயிருமேப்பா" என்றாள் பூங்கோதை மெல்ல.

"அது எப்பவோ போயிருச்சு கண்ணு."

தகர டின்களில் நிரப்பினார்கள். பழைய எண்ணெயை டீசல் செய்ய எடுத்துக்கொண்டு போகும் வண்டிக்காரர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டியின் அடியில் மரப்பட்டை மாதிரி கறுப்பு ஏறியிருந்தது. செங்கோடன் செங்கல் தூள் போட்டு இரண்டு நாள் தேய்த்தான். தேய்க்கிற சத்தத்தில் யாராவது பேசுகிறார்களா என்று அவ்வப்போது கையை நிறுத்திக் கேட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை புது எண்ணெயில் போட்ட வடையோடு மேலே வந்தான். முந்தின நாள் மிச்சத்தை இனி ஊற்றுவதில்லை என்று மாரப்பனிடம் சொல்லியிருந்தான். பூங்கோதைக்குக் கடையிலேயே ஒரு சின்ன ஸ்டவ் வைத்துக் கஞ்சியும் காயும் வைத்துக்கொடுக்கிறான். இதையெல்லாம் சாமியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தவன், குகைப் பக்கம் பார்த்ததும் நின்றுவிட்டான். தகரக் கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

"விளக்கு இன்னும் எரியுதுங்களா?"

"எரியுது."

"அன்னைக்கு ஊத்துன ஒரு சொம்பு எண்ணெயா?"

"பதினேழு வருசத்து எண்ணெய்ங்கண்ணா."

இலைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலேயே குகைக்குள் குனிந்து நுழைந்தான். வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கபூர் பாய் இரண்டு பஜ்ஜி கேட்டார். வாத்தியார் சூடாக இருக்கிறதா என்றார். அருக்காணி ஒன்று சேர்த்துப் போடச் சொன்னாள். செங்கோடன் கைகூப்பியபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு திரி பொரிகிற சத்தம் மட்டும்தான். இன்னொரு முறை கபூர் பாய் கேட்டார்.

வெளியே வந்தபோது அவன் வேட்டியெல்லாம் கரி.

"எம் பொண்ணு குரல் கேட்கலைங்க சாமி."

"இன்னைக்குக் கேட்கலை" என்றாள் சாமியம்மா.

அவன் தலையை ஆட்டினான். உட்கார்ந்து இலையைப் பிரித்து, எப்போதும் போல அவள் முன்னால் தள்ளி வைத்தான். "இருக்கட்டும்" என்பாள், எழுந்து போகலாம் என்று காத்திருந்தான்.

சாமியம்மா ஒரு வடையை எடுத்தாள். பிட்டு வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள்.

"உப்பு ஒரு கல்லு பத்தலை" என்றாள்.